நைரோபியா, லாகோஸா?

"மேடம், இன்னும் நாலு சுத்து சுத்தினீங்கன்னா கோயில்ல பிரதட்சணம் பண்ணின புண்ணியம் கிடைச்சிடும்," என்றான் சரத்.

தமயந்தி காதில் வாங்காமல் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எப்சமில் ஒரு டெய்ரிக்கு, அதாவது தெருமுனை மளிகைக் கடைக்கு, மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். சென்னையில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், ஆக்லாந்துக்கு வந்து மூன்று வருடமாகச் சொந்தமாகப் பொய்களைப் பிடிக்கிறாள். சரத் கம்ப்யூட்டர் படிக்க வந்தவன். படிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

மேஜை மேல் ஒரு பள்ளிக்கூட அட்லஸ், ஆப்பிரிக்கா பக்கம் திறந்து கிடந்தது. எதிரே நாற்காலியின் நுனியில் சோபனா உட்கார்ந்திருந்தாள். லின்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண். காலடியில் சூட்கேஸ். அதன் கைப்பிடியை அவள் வந்ததிலிருந்து விடவே இல்லை.

"அக்கா, பன்னிரண்டு மணிக்குள்ள எந்த ஊரெண்டு சொல்லாட்டி டிராவல்ஸில டிக்கெட் எழுதேலாது எண்டு சொல்லிப்போட்டினம்," என்றாள்.

விஷயம் இதுதான். அவள் கணவன் திலக்சன் வன்னியிலிருந்து தப்பிக் கொழும்புக்கு வந்து, ஏஜென்ட் ஒருவன் காட்டிய வழியில் நைரோபி போனான். அங்கிருந்து லாகோஸ் போவதாகத் திட்டம். அதற்கப்பால் அந்த ஏஜென்டுக்கே வெளிச்சம். போன மாதத்தோடு திலக்சனைப் பற்றிய தகவல் நின்றுவிட்டது. சோபனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தானே தேடப் போவதென்று கிளம்பிவிட்டாள். இன்று மாலை விமானம். ஜோகன்னஸ்பர்க் வரை குழப்பமில்லை. அங்கிருந்து கிழக்கே நைரோபியா, மேற்கே லாகோஸா என்பதுதான் கேள்வி. வேலையிடத்தில் ஒரே ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். தொல்லை என்னவென்றால் இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னார்கள். கோயில் கமிட்டியில் இருக்கும் சபாரத்தினம் மாஸ்டர், தானே திலக்சனோடு லாகோஸில் போய் இறங்கியதாகச் சொன்னார். யசீகரன் என்று புதிதாக வந்த ஓர் ஆள், அதே விமானத்தில் தான் போனதாகவும் திலக்சன் நைரோபியிலேயே நின்றுவிட்டதாகவும் சொன்னான்.

"முதல் நைரோபிக்குப் போறன். அங்க இவர் இல்லையெண்டால் லாகோஸுக்கு ஒரு ஓட்டம் ஓடிப் பாக்கலாம்தானே?" என்று கேட்டாள் சோபனா. "கொழும்பிலயிருந்து கண்டிக்குப் போற மாதிரி..."

தமயந்தி அட்லஸின் மேல் ஸ்கேலை வைத்தாள். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கண்டத்தின் வயிறு முழுக்கக் கிடந்தது.

"மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், சோபனா."

"புரியிற மாதிரி சொல்றேன்," என்றான் சரத். "கன்னியாகுமரியில ஏறி காஷ்மீர் வரைக்கும் போய், அங்கேருந்து தாஜ்மஹால் பார்க்கத் திரும்பி வர்ற தூரம்."

சோபனாவின் முகம் சுருங்கியது. சரியான பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனைப் பிடித்தால் கொழும்புக்குத்தான் விமானம் ஏற்றுவார்கள். கொழும்பில் அவனுக்கு என்ன காத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் ஓர் ஊரைத்தான் தேட முடியும். தவறான ஊராக இருந்தால் கதை முடிந்தது.

"கிளம்பு சரத்," என்றாள் தமயந்தி. "ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த பிளேன்ல ஏறவே இல்லை. அது யாருன்னு தெரிஞ்சா போதும்."

* * *

யசீகரன் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு கார் கழுவுமிடத்தில் வேலை செய்தான். முப்பது வயதிருக்கும். ஜூன் மாதக் குளிரில் கைகள் சிவந்து போயிருந்தன. காரிலேயே உட்கார்ந்திருந்த சோபனாவைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணை பிளேன் ஏறேல்லை. நைரோபியிலதான் நிக்கிறார். சோபனா அக்காட்டச் சொன்னதுதான், வேற ஒண்டுமில்லை."

"நீங்க ஏறினீங்களா?" என்று கேட்டாள் தமயந்தி.

"ஓம்."

"லாகோஸ் போய்ச் சேர எவ்வளவு நேரமாச்சு?"

"மூண்டு மணித்தியாலம். காலமை பத்துக்கு வெளிக்கிட்டது, ஒண்டுக்கு இறங்கினம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன கிடக்கு? என்ர கை மணிக்கூட்டில பாத்தனான்."

"அது பிளேனா, தீபாவளி ராக்கெட்டா?" என்றான் சரத்.

யசீகரன் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயை ஏற்கனவே கழுவி முடித்த காரின் மேல் மறுபடி பீய்ச்சினான்.

"திலக்சன் ஏன் ஏறலை?" என்றாள் தமயந்தி.

"அதை மட்டும் கேக்காதேங்கோ."

குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த காரின் பக்கம் போய்விட்டான். காருக்குத் திரும்பும்போதே தமயந்தியின் உதடுகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும். மூவாயிரத்து எண்ணூறுக்கு, ஏறுவது இறங்குவது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

"சுவர்க் கடிகாரம்னு சொல்லியிருந்தாக்கூட ஓடாத கடிகாரம்னு விட்டிருப்பேன்," என்றாள். "கையில கட்டின வாட்ச்னு அடிச்சுச் சொல்றான். பத்து வருஷம் நான் பார்த்த கிளெய்ம் எல்லாம் இப்படித்தான். கேட்காமலே சாட்சிக்கு ஆள் கொண்டு வருவாங்க."

சரத் காரைக் கிளப்பினான். பின் சீட்டில் சோபனா, "அப்ப அந்தப் பெடியன் பொய் சொல்றானோ?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்தது ஏமாற்றம். ஏன் என்று பிறகுதான் தமயந்திக்கு விளங்கியது. நைரோபி என்றால் கணவன் கடைசியாக இருந்த ஊரிலேயே இருக்கிறான். லாகோஸ் என்றால் ஒரு பெருங்கூட்டத்துக்குள் கைவிட்டுத் துழாவவேண்டும்.

* * *

சபாரத்தினம் மாஸ்டர் வீட்டில் முன்னறையே வகுப்பறை. சுவரில் கரும்பலகை. அதில் நேரமும் தூரமும் கணக்கு ஒன்று பாதி அழிந்திருந்தது. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், எண்பதுகளின் நடுவிலேயே இங்கு வந்துவிட்டார். லின்ஃபீல்டில் பாதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்போதும் அவர்தான் வாத்தியார்.

"வாங்கோ பிள்ளையள், இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"நேரமில்லை மாஸ்டர்," என்றாள் தமயந்தி. உட்காரவும் இல்லை. "நீங்களும் திலக்சனும் சேர்ந்துதான் ஏறினீங்களா?"

"ஒண்டாத்தான். நான் நைரோபிக்குப் போனதே அதுக்குத்தானே. பக்கத்துப் பக்கத்துச் சீட்."

"எவ்வளவு நேரம் பறந்தீங்க?"

"ஐஞ்சு மணித்தியாலம்." ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. "காலமை பத்துக்கு ஏறினம். லாகோஸில இறங்கேக்கை பின்னேரம் மூண்டு. ஏஜென்ற் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனான். நான் திரும்பிட்டன். பிறகு ஒரு தகவலும் இல்லை."

தமயந்தி தலையாட்டினாள். கச்சிதம். தூரம், வேகம், நேரம் மூன்றும் ஒட்டி வந்தன.

அப்போதுதான் சோபனா வாயைத் திறந்தாள்.

"பிளேனில இவர் சாப்பிட்டவரோ, மாஸ்டர்?"

மாஸ்டர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம்... ஓம் பிள்ளை. சாப்பிட்டவன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்டது போல வெளியே பார்த்தார். வெளியே யாரும் இல்லை.

தமயந்தி இதைக் கவனித்தாள். ஆனால் ஐந்து மணி நேரம் என்ற சரியான விடை அவள் கண்ணை மறைத்திருந்தது. சரியான விடையைக் கண்டால் மயங்குவது கெட்டிக்காரர்களுக்கே உள்ள வியாதி.

* * *

டிராவல் ஏஜென்சி, கார் கழுவுமிடத்திலிருந்து நாலு கடை தள்ளி இருந்தது. கவுன்டரில் செல்வநாயகி, மலேசியாக்காரி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எந்த ஊர்னு முடிவு பண்ணியாச்சா? சீக்கிரம் சொல்லுங்க லா, இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"லாகோஸ்," என்றாள் தமயந்தி.

சொல்லிவிட்டாளே ஒழிய, கால்கள் நிற்கவில்லை. பிரசுரங்கள் அடுக்கிய தட்டுக்கும் கவுன்டருக்கும் நடுவே நடந்தாள். ஏதோ ஒன்று செருப்புக்குள் புகுந்த கல் போல உறுத்தியது.

கவுன்டருக்கு மேலே வரிசையாக ஐந்து கடிகாரங்கள். ஆக்லாந்து, சிட்னி, சிங்கப்பூர், லண்டன், லாஸ் ஏஞ்சலஸ். ஐந்தும் ஐந்து நேரம் காட்டின.

"இந்த லாஸ் ஏஞ்சலஸ் பிளேனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்," என்றான் சரத். "இங்க சாயந்திரம் ஏறினா அங்க அதே நாள் காலையில இறக்கி விடுவான். காலையில செஞ்ச தப்பையெல்லாம் மறுபடி செய்யலாம்."

சோபனா அந்தக் கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கட நாட்டிலயும் இப்ப இப்பிடித்தான்," என்றாள், யாரிடமும் இல்லாமல். "போன வருசம் கொழும்பு நேரத்தை மாத்தினது. புலிப் பெடியள் மாத்தேல்லை. வன்னியில பழைய நேரம், வவுனியாவில புது நேரம். அரை மணித்தியாலம் வித்தியாசம்."

தமயந்தி நின்றாள். காலையிலிருந்து அவள் நிற்பது அதுதான் முதல் தடவை.

"ஒரே நாட்டுக்குள்ளயா?"

"ஓம் அக்கா. தாண்டிக்குளத்தில ஆமியின்ர சோதனைச் சென்றியைத் தாண்டின உடன சனம் முதல் செய்யிற வேலை மணிக்கூட்டைத் திருப்பிறதுதான். பழைய நேரம் கையில கிடந்தால் ஆமிக்காரன் துருவித் துருவிக் கேப்பான். இவரும் அப்பிடித்தான் செய்தனான் எண்டு சொன்னவர். வன்னியால வாற ஆக்களுக்கு அது கைப்பழக்கம். எல்லை தாண்டினால் திருப்பு."

"யசீகரன் எந்த ஊர்?"

"மல்லாவி. வன்னிதான்."

"எழுதாதீங்க!" என்று செல்வநாயகியின் பேனாவைப் பிடித்தேவிட்டாள் தமயந்தி. "நைரோபிக்கும் லாகோஸுக்கும் நேர வித்தியாசம் உண்டா?"

செல்வநாயகி தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். "லாகோஸ் ரெண்டு மணி நேரம் பின்னால லா."

சரத் விரல் விட்டு எண்ணினான். "பத்துக்கு ஏறி, அஞ்சு மணி நேரம் பறந்தா நைரோபியில மூணு. லாகோஸ்ல..." வாய் திறந்தபடியே நின்றது. நகைச்சுவை எதுவும் வெளியே வரவில்லை.

"ஒண்ணு," என்றாள் தமயந்தி. "இறங்கினதும் பழக்கதோஷத்துல வாட்சைத் திருப்பியிருக்கான். அப்புறம் அதே வாட்சைப் பார்த்து மூணு மணி நேரம்னு கணக்குச் சொல்றான். அவன் சொன்னது தப்பு. ஆனா அந்தத் தப்பைச் செய்ய அவன் லாகோஸ்ல இறங்கித்தான் ஆகணும்."

"அப்ப மாஸ்டர்?"

தமயந்தி ஏற்கனவே கவுன்டர் போனை எடுத்திருந்தாள். சரத் ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டான்.

"மாஸ்டர், தமயந்தி பேசுறேன். ஒரே ஒரு சந்தேகம். லாகோஸ்ல மணி மூணுன்னு எதுல பார்த்தீங்க?"

"ஏர்போட்டில பெரிய மணிக்கூடு தொங்குது, பிள்ளை. நானும் திலக்சனும் ஒண்டாத்தான் பாத்தனாங்கள்."

"உங்க வாட்ச்லயும் அதே மூணா?"

"அதே மூண்டு."

"வாட்சைத் திருப்பி வச்சீங்களா?"

மாஸ்டர் சிரித்தார். சிறு பிள்ளையின் அசட்டுக் கேள்விக்கு வாத்தியார் சிரிக்கும் சிரிப்பு. "என்னத்துக்குத் திருப்பிறது? ரெண்டும் ஆபிரிக்காதானே!"

"தூரம் சரி மாஸ்டர். வேகம் சரி. அஞ்சு மணி நேரமும் சரி. ஆனா அந்தக் கடிகாரத்துல மணி ஒண்ணு. போயிருந்தா பார்த்திருப்பீங்க."

மறுமுனையில் தேநீர்க் கோப்பை தட்டில் உரசியது.

"இன்னும் ரெண்டு கிழமை பொறுத்திருந்தால் அவனையும் எடுத்திருப்பன்," என்றார் மாஸ்டர் கடைசியில். குரல் கிழடு தட்டியிருந்தது. போன் வைக்கப்பட்டது.

"அவனையும்..." என்றான் சரத். "அப்போ முதல்ல வேற யாரையோ எடுத்திருக்கார்."

"ஓடு. யசீகரனைக் கூட்டிட்டு வா," என்றாள் தமயந்தி. "பிளேனுக்குள்ள உட்கார்ந்திருந்தவனுக்கு, திலக்சன் ஏறலைன்னு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியும்? அதை நான் காலையிலேயே கேட்டிருக்கணும்."

* * *

ஈரச் சட்டையோடு வந்தான் யசீகரன். தமயந்தி கேட்கவே தேவையிருக்கவில்லை. சோபனா எழுந்து நின்றதுமே அவன் உடைந்துபோனான்.

"அண்ணையின்ர சீட்டில இருந்தது நான்தான், அக்கா."

யசீகரன் ஈரச் சட்டையின் நுனியை முறுக்கினான்.

"சபாரத்தினம் என்ர தாய்மாமன். அம்மாவுக்கு நாங்கள் மூண்டு பேர், இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம். ஒரு பாஸ்போட்தான் கிடக்கு, ஒரு சீட்தான் கிடக்கு எண்டார் மாமா. அண்ணையின்ர பேரில இருந்த பாஸ்போட்டில என்ர படத்தை ஒட்டி என்னை ஏத்திவிட்டார். அண்ணைக்குத் தெரியாது. தனக்கு அடுத்த கிழமை எண்டு நினைச்சுக்கொண்டு என்னை வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தவர்."

"என்ன சொன்னவர்?" என்று கேட்டாள் சோபனா.

"சோபனாவைக் கண்டால் நான் சுகமெண்டு சொல்லு தம்பி எண்டவர்."

அவள் அடிப்பாள் என்றுதான் சரத் நினைத்தான். அவள் கை உயர்ந்தது. உயர்ந்த கை, வாயை இறுகப் பொத்திக்கொண்டது.

"ஏன் எனக்கு ஒரு போன் எடுக்கேல்லை இவர்? ஒரு மாசம்!"

"அக்காவின்ர நம்பரை மாமா அவருக்குக் குடுக்கேல்லை, தன்ர வீட்டு நம்பரைத்தான் குடுத்தவர். எடுக்கிறவர். சோபனாவுக்குச் சொல்லியாச்சு, பொறு எண்டு மாமா சொல்லுவார்." யசீகரன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணை நிக்கிற லொட்ஜின்ர நம்பர் எனக்குப் பாடம். ரோட்டுப் போனிலயிருந்து நாலு தரம் எடுத்தனான். அண்ணையின்ர குரலைக் கேட்டவுடன வைச்சிட்டன். வாய் வரேல்லை அக்கா."

"சொல்லு," என்றாள் சோபனா.

"என்னெண்டு மன்னிப்புக்..."

"மன்னிப்பை இவர் வந்தாப்பிறகு இவரிட்டக் கேள். இப்ப நம்பரைச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்லச் செல்வநாயகி எண்களை அழுத்தினாள். ஒரு கை போனில் இருக்க, மறு கையால் டிக்கெட்டில் கேட்காமலே நைரோபி என்று எழுதினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆக்லாந்தில் பட்டப்பகல், நைரோபியில் நடுச்சாமம் தாண்டியிருக்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யாரோ எடுத்தார்கள். லாட்ஜின் காவலாளி. தூக்கம் கலைந்த எரிச்சலில் யார் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சோபனா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திலக்சன்," என்றாள். "ஸ்ரீலங்காவிலயிருந்து வந்தவர். திலக்சன்."

"ஓ, அந்த ஆளா?" என்றான் காவலாளி. "இங்கேதான் இருக்கிறார். ராத்திரி பூராவும் வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். இன்றைக்குத்தான் கொஞ்சம் முன்னால் படுத்தார். தூங்குகிறார். எழுப்பட்டுமா?"

சரத் சோபனா பக்கம் நாற்காலியைத் தள்ளினான். அவள் உட்காரவில்லை.

"எழுப்பச் சொல்லு," என்று கிசுகிசுத்தாள் தமயந்தி. "மாஸ்டர் முந்திக்கிட்டுப் பேசிடுவார். வேற எங்கயாவது போகச் சொல்லிடுவார்."

சோபனா காவலாளியிடம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள். யார் போன் செய்தாலும் அவருக்குக் கொடுக்க வேண்டாம். அவரை எங்கும் வெளியே விட வேண்டாம். விடிந்ததும் அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லவேண்டும், அவருடைய மனைவி புறப்பட்டுவிட்டாள் என்று.

"சரி அம்மா. இப்போது எழுப்பட்டுமா, வேண்டாமா?"

அவள் முகம் கோணியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் வந்து நின்றது. அதற்குமேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை.

"வேண்டாம், படுக்கட்டும்," என்றாள் தமிழிலேயே. "நான் வந்து எழுப்புறன்."